அம்மாவுக்கு முடக்குவாதம், தங்கைக்கு லூபஸ்: என் மகளுக்கும் வருமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நான் திருச்சி பக்கம் ஒரு ஊரில் பள்ளி ஆசிரியை, வயது 41. அம்மாவுக்கு 18 வருடமாக முடக்குவாதம். ஆரம்பத்தில் மூன்று வருடம் எண்ணெய், பத்தியம் என்று ஓடிவிட்டது; கை விரல்கள் வளைந்துவிட்டன. போன ஆவணியில் என் தங்கைக்கு (27) லூபஸ் என்று சொன்னார்கள். அவளுக்குப் பேசி முடித்திருந்த வரன் அதோடு நின்றுபோனது. "இது உங்க ரத்தத்துலயே இருக்கு" என்று என் புகுந்த வீட்டில் ஜாடையாகப் பேசுகிறார்கள். அம்மாவுக்கு ஒரு நோய், தங்கைக்கு வேறு நோய். இதை எப்படிப் பரம்பரை என்கிறார்கள்? எதிர்ப்பு சக்தி கூடினால் நல்லதுதானே, அது எப்படி நோயாகும்? வீட்டில் எல்லோரும் தினமும் சீந்தில் கஷாயம் குடிக்கிறோம். ஜீன் டெஸ்ட் எடுத்தால் மகளுக்கு வருமா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும் என்கிறார்கள், எடுக்கலாமா? மகளுக்கு 12 வயது. போன வாரம் பாட்டியின் கையைத் தன் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கும் இப்படி ஆகுமாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருமுன் ஒரு விஷயம். கடிதத்தின் கடைசியில் அம்மாவின் மாத்திரைகளை எழுதியிருந்தீர்கள். அதில் மெத்தோட்ரெக்சேட்டுக்கு நேராக "தினம் ஒன்று" என்று இருந்தது. பார்த்ததுமே உங்களுக்குத் தனியாக எழுதினேன். நீங்களும் மருந்துச் சீட்டைச் சரிபார்த்து, வாரம் ஒரு நாள்தான் கொடுக்கிறோம், எழுதும்போது தவறிவிட்டது என்று பதில் போட்டீர்கள். நிம்மதியாக இருந்தது. ஆனால் இதைப் படிக்கும் எத்தனையோ வீடுகளில் அந்த மாத்திரை இருக்கும் என்பதால் இங்கும் சொல்கிறேன். முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட், வாரத்தில் ஒரே ஒரு நாள் போடும் மருந்து. தெரியாமல் தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகிவிடும். என் நோயாளிகளிடம் அட்டையை வாங்கி, பின்பக்க வெள்ளிக் காகிதத்தில் மார்க்கர் பேனாவால் "ஞாயிறு" என்றோ "புதன்" என்றோ எழுதிக் கொடுப்பது என் வழக்கம். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், கண்ணாடி போடாமலே தெரிய வேண்டும். நீங்களும் அம்மாவின் அட்டையில் அப்படியே எழுதிவிடுங்கள்.

சரி, இப்போது எதிர்ப்பு சக்தி.

அதை மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைத்துப் பழகிவிட்டோம். நிறைந்திருந்தால் நல்லது, குறைந்தால் கெட்டது என்று. ஆனால் அது ஒரே பொருள் இல்லை. பல வகைச் செல்கள் சேர்ந்து செய்யும் வேலை அது. சில செல்கள் தாக்கும். சில, யாரைத் தாக்க வேண்டும் என்று காட்டிக் கொடுக்கும். இன்னும் சில, "போதும், நிறுத்து" என்று சொல்லும். இந்த நிறுத்தச் சொல்லும் பக்கம் தளர்ந்தாலும், தாக்கும் பக்கம் தேவைக்கு மேல் சீக்கிரம் கிளம்பினாலும், சொந்த மூட்டும் தோலும் சிறுநீரகமும் அடிவாங்கும். அதைத்தான் தன்னுடல் தாக்குநோய் என்கிறோம். ஆஸ்பத்திரியில் ஆட்டோஇம்யூன் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதமும், தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல இடங்களைத் தாக்கும் லூபஸும் இந்த வகைதான். உங்கள் தங்கையின் உடம்பு தன்னையே தாக்குகிறது என்பதால் அவளுக்கு எதிர்ப்பு சக்தி மிகுதி என்று அர்த்தமாகாது. லூபஸ் உள்ளவர்களுக்குத் தொற்றுநோய் மற்றவர்களைவிடச் சுலபமாக வரும்.

இதில் ஜீன்களின் பங்கு எங்கே இருக்கிறது? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "ரத்தத்துலயே இருக்கு" என்ற பேச்சுக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது.

நம் உடம்பின் செல்கள் தமக்குள் இருக்கும் புரதங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, ஒரு தட்டில் வைத்து, வெளியே தெரியும்படி நீட்டிக்கொண்டே இருக்கும். கல்யாண வீட்டில் சீர்வரிசைத் தட்டுகளை வரிசையாக வைத்திருப்பார்களே, அப்படி. டி செல் என்ற வெள்ளை அணு ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே போகும். தட்டில் நம் வீட்டுப் பொருள் இருந்தால் பேசாமல் நகர்ந்துவிடும். வைரஸின் துண்டு கண்ணில் பட்டால் ஆட்களைத் திரட்டும். இந்தத் தட்டுகளுக்கு எச்.எல்.ஏ என்று பெயர். இவற்றுக்கான ஜீன்கள் 6ஆம் குரோமோசோமில் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. சிறுநீரகம் மாற்றும்போது பொருத்தம் பார்ப்பதும் இதைத்தான். ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறுபடும் ஜீன்கள் மனித உடம்பில் வேறு கிடையாது.

தட்டின் குழி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வடிவம். ஒருவர் தட்டில் தேங்காய் ஆடாமல் நிற்கும், இன்னொருவர் தட்டில் உருண்டுவிடும். முடக்குவாதம் உள்ளவர்களில் பலருக்கு டி.ஆர்.பி.1 என்ற தட்டின் குழி ஒரே சாயலில் இருக்கிறது. 1970களில் டி.ஆர்.4 என்ற வகையில் தொடங்கிய இந்தத் தேடல், 1987இல் அந்தப் பொதுவான குழியை அடையாளம் காண்பதில் வந்து நின்றது. நம் சொந்தப் புரதங்கள் அழற்சியில் கொஞ்சம் உருமாறும்போது, அந்த உருமாறிய துண்டுகள் இந்தக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்துவிடும். டி செல் அதை அந்நியன் என்று எடுத்துக்கொள்கிறது. அம்மாவின் பழைய ரிப்போர்ட்டில் "ஆன்டி சி.சி.பி" என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். உருமாறிய அந்தப் புரதங்களுக்கு எதிராக உடம்பு தயாரித்த ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தைத்தான் அதில் அளந்திருக்கிறார்கள்.

தட்டு மட்டும் போதாது. அதைப் பார்க்கும் செல் எவ்வளவு சீக்கிரம் கோபப்படுகிறது என்பதும் ஜீன்களைப் பொறுத்தது.

"ஜீன் கோளாறு" என்றதும், ஓடாமல் நின்றுபோன மின்விசிறி மாதிரி ஒரு படம் மனதில் வருகிறது. உங்கள் வீட்டில் நடந்தது அப்படியல்ல. விசிறி நன்றாக ஓடுகிறது. ரெகுலேட்டர்தான் 2இல் இருப்பதற்குப் பதில் 3இல் இருக்கிறது. 2015இல் வந்த ஒரு முக்கியமான ஆய்வில், தன்னுடல் தாக்குநோய்களுக்குக் காரணமாகக் கருதப்படும் டி.என்.ஏ எழுத்து மாற்றங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடினார்கள். சுமார் 90 சதவீத மாற்றங்கள் புரதத்துக்கான குறிப்பில் இல்லவே இல்லை. அவற்றில் பாதிக்கு மேல், நோயெதிர்ப்புச் செல்களில் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று ஏற்றி இறக்கும் இடங்களில் இருந்தன. எனக்கு இது மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. நோயாளியிடம் "உங்களிடம் எதுவும் உடைந்துபோகவில்லை" என்று நான் சொல்லும்போது ஆறுதலுக்காகச் சொல்வதில்லை, உண்மையையே சொல்கிறேன்.

இனி உங்கள் கூர்மையான கேள்வி: நோய் வேறு வேறாக இருக்கும்போது பரம்பரை எப்படி? ஸ்டாட்4 என்று ஒரு ஜீன். செல்லின் வெளியிலிருந்து வரும் "கிளம்பு" என்ற செய்தியை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும் தூதன் அது. அதில் ஒரு சின்ன மாற்றம் முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் சேர்த்தே வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2007இல் கண்டார்கள். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளும் அப்படி அமைந்தவர்களுக்கு, ஒன்றுகூட இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் லூபஸ் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். முடக்குவாத வாய்ப்பு 60 சதவீதம் அதிகம். ஆக, குடும்பத்தில் இறங்குவது நோய் அல்ல, செல் சீக்கிரம் சூடாகும் சுபாவம். அந்தச் சூடு மூட்டில் வெளிப்படுமா, தோலிலா, தைராய்டிலா, அல்லது எங்குமே வெளிப்படாமல் போய்விடுமா என்பதை மற்ற ஜீன்களும் வாழ்க்கையும் தீர்மானிக்கின்றன. உங்கள் அம்மாவுக்கும் தங்கைக்கும் குறிப்பாக ஸ்டாட்4தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. முடக்குவாதத்துக்கு மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்ட இப்படிப்பட்ட இடங்களை 2014க்குள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளும்.

நிறுத்தும் பக்கத்துக்கும் ஜீன்கள் உண்டு. மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. டி செல்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம்; மிகக் கண்டிப்பான பள்ளிக்கூடம். நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட செல்கள் அங்கேயே கழித்துக் கட்டப்படும். அப்படியும் சில தப்பி வெளியே வந்துவிடும். அவற்றை அடக்கி வைக்க ஒரு தனி வகை டி செல் இருக்கிறது என்று ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் காட்டினார். அந்த அடக்கும் செல்லை உருவாக்குவது ஃபாக்ஸ்பி3 என்ற ஜீன். மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரும் சேர்ந்து 2001இல் அதைக் கண்டுபிடித்தார்கள். மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்த ஒரே ஜீன் பழுதுபட்டுப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே சர்க்கரை நோய், நிற்காத வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி எல்லாம் ஒன்றாக வரும். மிக மிக அரிய நோய் அது. உங்கள் குடும்பத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்தப் பிரேக் எங்கே இருக்கிறது என்று நமக்குக் காட்டியதில் அந்தக் குழந்தைகளுக்கும் பங்கு உண்டு என்பதால் சொல்கிறேன்.

லூபஸிலும் அப்படி ஒரு குழந்தை உண்டு. ஸ்பெயினில் ஏழு வயதில் கடுமையான லூபஸ் கண்ட ஒரு சிறுமியின் ஜீன்கள் முழுவதையும் படித்தபோது, டி.எல்.ஆர்.7 என்ற ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. வைரஸின் ஆர்.என்.ஏவை மோப்பம் பிடிக்கும் ஜீன் அது. அந்த ஒரு மாற்றத்தால் நம் சொந்த ஆர்.என்.ஏ துணுக்குகளுக்கும் அது குரைக்க ஆரம்பித்துவிட்டது. அதே மாற்றத்தை எலியில் வைத்ததும் எலிக்கும் லூபஸ் வந்தது. 2022இல் கரோலா வினுவேசாவின் குழு இதை வெளியிட்டது. இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு இரண்டு எக்ஸ்; சாதாரணமாக ஒவ்வொரு செல்லிலும் ஒன்று உறங்கிவிடும். ஆனால் டி.எல்.ஆர்.7 சில செல்களில் உறங்காமல் இரண்டு பிரதியுமாக வேலை செய்கிறது. லூபஸ் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்களாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கூடுதலாக ஒரு எக்ஸோடு பிறக்கும் ஆண்களுக்கும் லூபஸ் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

இங்கே உங்கள் புகுந்த வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். உங்கள் மகளின் ஜீன்களில் பாதி உங்கள் கணவர் கொடுத்தது. அவளுடைய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அவருடையது. அது அப்படியே உங்கள் மாமியாரிடமிருந்து வந்தது. எச்.எல்.ஏ தட்டுகளிலும் பாதி அந்த வீட்டுத் தட்டுகள்தான். எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் இந்த மாற்றங்களில் சில இருக்கும். நோய் வெளியே தெரிந்த வீட்டைப் பார்த்து மட்டும் ஊர் விரல் நீட்டுகிறது. யாரையும் பதிலுக்குக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. உங்கள் மனதில் குற்ற உணர்வு ஏறியிருப்பது கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. அதை இறக்கி வையுங்கள்.

அதற்கு மேலும் ஒன்று. சீக்கிரம் சூடாகும் இந்தச் சுபாவம் ஒரு காலத்தில் நம் முன்னோரைக் காப்பாற்றியிருக்கக் கூடும். டைக்2 என்ற ஜீனில் ஐரோப்பியர் சிலரிடம் ஒரு மாற்றம் உண்டு. இரண்டு பிரதியும் அப்படி இருந்தால் நோயெதிர்ப்புச் செல்கள் கொஞ்சம் சாந்தமாக இருக்கும். பல தன்னுடல் தாக்குநோய்கள் குறைவாக வரும். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் அதே ஆட்களைக் காசநோய் சுலபமாகப் பிடிக்கிறது என்று 2018இல் தெரியவந்தது. காசநோய் இவ்வளவு இருக்கும் நம் நாட்டில், செல்களை அடக்கும் விலை உயர்ந்த ஊசிகளைத் தொடங்கும் முன் நாங்கள் எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் எடுப்பது இதே தராசுதான். ஒரு பக்கம் இறக்கினால் மறு பக்கம் ஏறும்.

இனி மகளைப் பற்றி.

முடக்குவாதத்தில் 1993இல் பிரிட்டனில் செய்த இரட்டையர் ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே கருவிலிருந்து பிரிந்த, ஒரே ஜீன்கள் உள்ள இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது நூற்றுக்குச் சுமார் 15 பேரிடம்தான். ஜீன்கள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தும் மீதி 85 பேர் தப்பிவிட்டார்கள். உங்கள் மகளோ பாட்டியோடும் சித்தியோடும் சுமார் கால்வாசி ஜீன்களைத்தான் பகிர்ந்துகொள்கிறாள்.

லூபஸுக்கு, தைவானில் நாடு முழுவதன் காப்பீட்டுப் பதிவுகளையும் எடுத்து 2015இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். லூபஸ் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல் சுமார் 17 மடங்கு. அவர்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பும் இரண்டரை மடங்குக்கு மேல். 17 மடங்கு என்றதும் நெஞ்சு பக்கென்று இருக்கும். ஆனால் "மடங்கு" என்ற சொல்லை எப்போதும் "எதன் மடங்கு?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். லூபஸ் ஆயிரம் பேரில் ஒருவருக்கு வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 17 மடங்கு என்றால் ஆயிரத்தில் 17 பேர். மீதி 983 பேருக்கு வராது. அதுவும் நெருங்கிய உறவுக்கான கணக்கு. உங்கள் மகளுக்கோ லூபஸ் இருப்பது சித்திக்கு. இன்னும் ஒரு படி தள்ளி. நீங்கள் வகுப்பில் சதவீதம் நடத்தும்போது இந்தக் கணக்கையே கரும்பலகையில் போடலாம்.

ஜீன்கள் தயார் செய்து வைத்ததை வேறு ஏதோ ஒன்று வந்துதான் தூண்டிவிடுகிறது. முடக்குவாதத்தில் அதிகம் தெரிந்த தூண்டுகோல் புகை. சுவீடனில் 2006இல் கண்டது இது: அந்த டி.ஆர்.பி.1 தட்டு இரண்டு பிரதியும் இருந்து, புகையும் பிடித்தவர்களுக்கு, இரண்டும் இல்லாதவர்களைவிட ஆன்டிபாடி உள்ள முடக்குவாதம் வரும் வாய்ப்பு 21 மடங்கு. தட்டு மட்டும் இருந்தாலோ புகை மட்டும் இருந்தாலோ இவ்வளவு ஏறவில்லை. இரண்டும் கூடினால்தான் தீ பிடிக்கிறது. உங்கள் கணவர் வாசலில் நின்று சிகரெட் பிடிப்பார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஜீன் டெஸ்டுக்குச் செலவழிக்க நினைத்த அக்கறை அத்தனையையும் இங்கே திருப்புங்கள். மகளுக்காக அவர் அதை விட்டால், ரத்தத்தைப் பற்றிய எல்லாப் பேச்சையும்விட அது பெரிய காரியம்.

ஜீன் டெஸ்ட் வேண்டாம். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எச்.எல்.ஏ பி27 என்று ஒரு பரிசோதனை உண்டு. முதுகெலும்பை இறுக்கும் ஒரு வாதநோயோடு அதற்கு இருக்கும் தொடர்பு 1973இலிருந்தே தெரியும், இந்தத் துறையிலேயே மிக வலுவான தொடர்புகளில் ஒன்று. அப்படி இருந்தும், பி27 உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவரிலிருந்து ஐந்து பேர் வரைதான் அந்த நோய்க்கு ஆளாகிறார்கள். இளைஞர் ஒருவர் மாதக்கணக்கில் விடியற்காலை முதுகு வலியோடு வந்தால் நான் அதை எழுதிக் கொடுப்பேன். வலி இல்லாதவருக்கு எழுத மாட்டேன். லூபஸுக்கும் முடக்குவாதத்துக்கும் அந்த அளவு வலுவான தனி ஜீன்கூடக் கிடையாது. லேப்கள் தரும் ஆபத்து மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பியரின் ஜீன்களை வைத்துப் போட்டவை. பி.டி.பி.என்22 என்ற ஜீனின் மாற்றம் ஐரோப்பியரிடம் முடக்குவாதத்தின் முக்கியக் காரணிகளில் ஒன்று. ஆசியர்களிடம் அது அரிது. அந்த அளவுகோலால் திருச்சிப் பெண்ணை அளந்தால் என்ன கிடைக்கும்? ஒரு காகிதமும் பல வருடத் தூக்கமின்மையும்தான்.

சொந்தச் செல்லின் கருவுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ஏ.என்.ஏ பரிசோதனையும் சும்மா எடுக்க வேண்டாம். நோய் எதுவும் இல்லாதவர்களிடம் 1997இல் செய்த பன்னாட்டு ஆய்வில், ரத்த மாதிரியை 80 மடங்கு நீர்த்துப் பார்க்கும் 1:80 அளவில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு அது பாசிட்டிவ். தடித்த எழுத்தில் "பாசிட்டிவ்" என்று அச்சிட்ட தாளைக் கையில் நடுங்கப் பிடித்துக்கொண்டு, ஒரு வாரமாகச் சாப்பிடாமல் என் அறைக்குள் வந்த கல்லூரிப் பெண்ணை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. முடி கொட்டுகிறது என்று யாரோ எழுதிக் கொடுத்த டெஸ்ட் அது. அவளுக்கு ஒன்றுமே இல்லை. இரும்புச் சத்து குறைவு, அவ்வளவுதான்.

சீந்தில் கஷாயத்தை அம்மாவுக்கும் தங்கைக்கும் இன்றோடு நிறுத்துங்கள். நாட்டு மருந்து எதுவுமே ஆகாது என்று சொல்கிறவன் இல்லை நான். ஆனால் எதிர்ப்புச் செல்களைத் தூண்டும் என்றுதானே அதைக் குடிக்கிறோம்? ஏற்கெனவே 3இல் ஓடும் விசிறியை 5க்குத் திருப்புவது எதற்கு? கொரோனா காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதித்த 43 பேரைப் பற்றி 2022இல் நம் நாட்டின் பல மருத்துவ மையங்கள் சேர்ந்து ஆய்வு வெளியிட்டன. அவர்களில் பலருக்குக் கல்லீரலையே உடம்பு தாக்கும் வகைப் பாதிப்பு தெரிந்தது. குடும்பத்தில் இந்தச் சுபாவம் இருப்பது தெரிந்திருக்கும்போது, மகளுக்கும் உங்களுக்கும்கூட அது வேண்டாம் என்பது என் கருத்து. மிளகு ரசம் குடியுங்கள், தாராளமாக.

தங்கையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. வலி இல்லாத நாளில் மாத்திரையை விட்டுவிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தொடும்போது வலிக்காது. கழிவறையில் சிறுநீர் நுரைத்து நிற்பதும், காலையில் கண்ணிமை உப்புவதும்தான் அறிகுறி. அதுகூடச் சில சமயம் இருக்காது. சிறுநீர்ப் பரிசோதனையில்தான் தெரியும். லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை மெதுவாக வேலை செய்வது. டி.எல்.ஆர்.7 போன்ற அந்த மோப்பக்காரர்களைத்தான் அது சாந்தப்படுத்துகிறது. விட்டு விட்டுப் போட்டால் நோய் திரும்பக் கிளம்பும். ஸ்டீராய்டை ஒருபோதும் தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வெயிலில் குடை, முழுக்கைச் சட்டை. கண் டாக்டரிடம் சொன்ன தேதியில் பரிசோதனை.

கல்யாணம்? தாராளமாகச் செய்துகொள்ளலாம். நின்றுபோன வரனை நினைத்து அவள் தன்னைக் குறைவாக எண்ண வேண்டாம். லூபஸ் உள்ள பெண்கள் குழந்தை பெற்று நன்றாக இருப்பதை மாதந்தோறும் பார்க்கிறேன். நோய் குறைந்தது ஆறு மாதம் அடங்கி இருக்க வேண்டும், கருத்தரிக்கும் முன்பே எங்களிடம் சொல்ல வேண்டும். சில மாத்திரைகளை முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்பத்திலும் தொடர வேண்டும். ஆன்டி ரோ என்ற ஆன்டிபாடி இருக்கிறதா என்று பரிசோதித்து வைக்க வேண்டும்; அது இருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பை வயிற்றிலேயே கவனிப்போம். வரன் பேசும் வீட்டில் நோயை மறைக்க வேண்டாம். சொன்னதும் எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

மகளிடம் நீங்கள் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் விரலை மடக்க முடியாமல் விறைப்பு, பல நாள் நீடிக்கும் மூட்டு வீக்கம், வெயிலில் கன்னத்திலும் மூக்கின் மேலும் படரும் சிவப்பு, காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல், வலிக்காத வாய்ப்புண். இதில் எது வந்தாலும் காத்திருக்காமல் காட்டுங்கள். விளையாடிவிட்டு வந்த ராத்திரியில் கெண்டைக்கால் வலி என்பது வளரும் பிள்ளைகளுக்கு வருவது. அதற்குப் பயப்பட வேண்டாம்.

காத்திருக்காமல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அம்மாவின் விரல்கள். அவை ஜீனால் வளைந்தன என்று உங்கள் மகள் நினைக்கிறாள். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றியது. மருந்து இல்லாமல் கழிந்த அந்த மூன்று வருடத்தில்தான் அவை வளைந்தன. ஆரம்ப மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்கு மூட்டு உருக்குலையாமல் காக்க முடிகிறது. இப்போது இன்னும் ஒரு படி முன்னே போக முயல்கிறார்கள். சி.டி.எல்.ஏ.4 என்ற பிரேக் ஜீனின் புரதத்தைப் போலவே செய்த அபடாசெப்ட் என்ற ஊசியை, ஆன்டிபாடியும் மூட்டு வலியும் வந்து வீக்கம் மட்டும் இன்னும் வராதவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முடக்குவாதம் தொடங்குவது தள்ளிப்போனதை 2024இல் வெளியிட்டார்கள். ஊசியை நிறுத்திய பிறகு அந்தப் பலன் குறைந்துகொண்டே வந்தது; அதனால் இன்னும் எல்லோருக்கும் கொடுக்கும் நிலை வரவில்லை. உங்கள் மகளுக்கு இப்போது அதற்குத் தேவையும் இல்லை.

அவள் கேட்டதற்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். "உனக்கு வரவே வராது" என்று சத்தியம் செய்யாதீர்கள். 12 வயதுப் பிள்ளைக்குப் பொய் தெரிந்துவிடும். பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லுங்கள்: "பெரும்பாலும் உனக்கு வராது கண்ணு. பாட்டிக்குச் சரியான மருந்து கிடைக்க மூணு வருஷம் ஆயிடுச்சு, அதனாலதான் கை இப்படி ஆச்சு. உனக்கு எப்பவாவது வலி வந்தா மறைக்காம எங்கிட்ட சொல்லு. மூணு வாரம்கூட ஆக விடமாட்டேன்."